உப்புக் கரித்த ஸ்டீயரிங்

ஜனவரி 7, 2003, செவ்வாய்

அண்ணா நகரிலிருந்து ஒருவர் மர ஸ்டீயரிங் ஒன்றைப் பூத்துவாலையில் சுற்றி என் கடைக்கு எடுத்து வந்தார். ஐம்பத்தெட்டாம் வருடத்துக் காருடையதாம். கம்பெனியே போட்டதாம். வேறு கை படவே இல்லையாம். துவாலையைப் பிரித்ததும் புது வார்னிஷ் வாடை ராயபுரம் முழுக்க அடித்தது. கட்டை ஒரே பலகையில் வட்டமாக அறுத்தது. அசல் என்றால் நாலைந்து துண்டை வளைத்து ஒட்டியிருப்பான். ஒட்டின இடம் தலைமுடி கனத்தில் கோடாகத் தெரியும். இதில் கோடும் இல்லை ஒன்றும் இல்லை. கட்டில் கால் கடைகிற பட்டறையில் செய்த வேலை என்று சொன்னேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். துவாலையை மறந்துவிட்டார்.

இன்றைக்கு எத்தனை பேரை விரட்டினேன் என்று என் வீட்டுக்காரி கன்னியம்மா கேட்டாள். ஒருவர்தான் என்றேன். அப்படியென்றால் வியாபாரம் மந்தம்தான் என்றாள்.

ஜனவரி 16, வியாழன்

பொங்கல் விருந்து, மாமனார் வீட்டில். தாமோதரன் என்றால் காசிமேட்டில் தெரியாதவர் இல்லை. சொந்தமாக ஒரு மீன்பிடி லாஞ்சு, முப்பத்தைந்து வருடக் கடல். இப்பேர்ப்பட்டவருக்கு மருமகனாக வாய்த்தவன் நான். மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, பதினாறு வயதில் முதல்முறை கடலுக்குப் போய், துறைமுகத்தின் அலைத்தடுப்புக் கல் தாண்டுவதற்குள் குடலே வெளியில் வந்து, என் ஒருவனுக்காகப் படகைத் திருப்பிக்கொண்டு வந்தார்களே, அந்த நான். இந்தக் கதையை இந்த வருடமும் சொன்னார். வருடா வருடம் நான் எடுக்கும் வாந்தி கொஞ்சம் கூடுகிறது. ‘கர மாப்ள’, அதாவது கரையிலேயே கிடக்கிற மாப்பிள்ளை, என்று என்னைக் காட்டி யாரோ ஒரு புது உறவுக்காரரிடம் அறிமுகப்படுத்தினார். அவர் எழுந்து நின்று பார்த்தார்.

பழைய காரின் ஸ்டீயரிங்கைக் கையில் வாங்கியதும் எந்த ஊர்ச் சரக்கு, எந்த வருடம், அசலா டூப்பா என்று சொல்லக்கூடியவன் மதராஸில் எத்தனை பேர்? பெங்களூரில் ஒருவர் இருப்பதாகக் கேள்வி. இங்கே நான்தான். இதை அந்த இலையில் உட்கார்ந்து யாரிடம் சொல்ல? வஞ்சிரம் நன்றாக இருந்தது.

ஜனவரி 19, ஞாயிறு

பேசின் பிரிட்ஜில் ஹபீபுல்லாவின் காயலான் கடை. இருபது வருட சிநேகிதன். லாரி கதவு, மீன் பெட்டி, சீலிங் ஃபேன், எஞ்சின் மூடி, எல்லாம் ஒரே குவியல். அடியில் ஒரு வட்டம் தெரிந்தது. இழுத்தேன். அலுமினியக் கம்பி மூன்று, மேலே கறுப்புப் பெயின்ட் பூசிய விளிம்பு. நகத்தால் சுரண்டினேன். உள்ளே மரம்.

அசல் என்றே பட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. எந்தக் காரிலிருந்து வந்தது என்று கேட்டேன். அவன் குவியலையும் என்னையும் பார்த்துவிட்டு, “மாமு, இது வண்டிலருந்து வந்துச்சா வூட்லருந்து வந்துச்சான்னே எனுக்குத் தெரியாது. தூக்கினு போ” என்றான்.

ஜனவரி 21, செவ்வாய்

பெயின்ட் முழுக்க எடுத்தாயிற்று. இன்று சாப்பிடவில்லை. பசியே இல்லை.

கம்பி ஐம்பதுகளின் கடைசியில் இத்தாலிக்காரன் வார்த்தது, சத்தியம். விளிம்பு ஐந்து துண்டு, ஒட்டின கோடு அத்தனை சன்னம். மரம் கருப்பட்டி நிறம், வரி வரியாக ஓடுகிறது: வால்நட். ஆணி பித்தளை. வழக்கமாக அலுமினியம்தான் அடிப்பான். பித்தளை என்றால் ஏதோ தனி ஆர்டர். அப்புறம் பின்பக்கம், கீழே இடது ஓரத்தில், ஒரு விரல் கிடக்கிற அளவுக்குப் பள்ளம். வழவழவென்று. உளி வைத்த இடமாகத் தெரியவில்லை. பந்தயக்காரன் ஒரு கையால் கியர் மாற்றும்போது மறுகையின் விரல் நழுவாமல் இருக்க வைத்த பள்ளமாகத்தான் இருக்க வேண்டும். வேறு எதற்கு?

கடைசிச் சோதனை எப்போதும் நாக்கு. புதுசாகப் பூசியிருந்தால் கசக்கும், பழசு என்றால் சப்பென்று இருக்கும். இது உப்புக் கரித்தது.

உப்பு! எத்தனை பந்தயம், எத்தனை வருட வியர்வை மரத்தில் இறங்கியிருந்தால் இப்படிக் கரிக்கும்? எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜனவரி 22, புதன்

இன்னொரு தடவை நக்கிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

கீழ்ப்பாக்கம் டாக்டர் குணசேகரன் வந்தார். கண் டாக்டர். ஐம்பத்தொன்பதாம் வருடத்துத் திறந்த கார் ஒன்றை ஆறு வருடமாகச் சீர்செய்து கொண்டிருக்கிறார். அதற்கு அசல் ஸ்டீயரிங் மட்டும் கிடைக்கவில்லை. சக்கரத்தைக் கையில் கொடுத்தேன். பள்ளத்தில் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

எழுத்தில் வேண்டும் என்றார். தெருமுனை டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் அடைக்கலமேரி தட்டினாள். “அசல். வால்நட். தனி ஆர்டரில் பித்தளை ஆணி. பந்தய விரல் பள்ளம் உள்ள இத்தகைய ஸ்டீயரிங் இந்தியாவில் இது ஒன்றுதான்.” கீழே என் கையெழுத்து. கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தார். பேரம் பேசாதவரைப் பார்த்தால் எனக்கு எப்போதும் லேசாக உதறும். இன்றைக்கு உதறவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

டாக்டர் ஆள் அனுப்பினார். மார்ச் ஒன்பதாம் தேதி தீவுத்திடலில் பழைய கார் விழா. எந்த வண்டியில் எந்தச் சாமான் அசல் என்று பார்க்க நடுவர்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் நான்!

நடுவர். மேடையில் நாற்காலி. சட்டையில் பெயர் அட்டை. மாமனாரையும் அழைத்துப் போய் முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும். அந்தப் புது உறவுக்காரரையும்.

பிப்ரவரி 8, சனி

வெள்ளைச் சட்டை எடுத்தேன். கழுத்து இறுக்கம். பரவாயில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

டாக்டர் போட்டோ அனுப்பியிருந்தார். காருக்கு முன்னால் நானும் அவரும் நடுவில் ஸ்டீயரிங்கும். பின்பக்கம் தெரியும்படி, பள்ளத்தை நான் விரலால் சுட்டிக்காட்டிக்கொண்டு. கன்னியம்மா மீன் விற்றுவிட்டு வந்து கூடையை இறக்கியவள், போட்டோவைக் கையில் வாங்கினாள். பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்து நிற்க முடியாமல் கூடை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“யோவ், இது எங்க நைனாவோட பழைய லாஞ்சுதுய்யா. வல இஸ்க்க சொல்லோ சக்கரம் திரும்பாம கயிறு போட்டு கட்டுவாரு. அந்தக் கயிறு தேஞ்ச தடம் இது.”

உளறாதே என்றேன். சின்ன வயதில் தினமும் படகுக்குச் சோறு கொண்டுபோனவள் அவள். அந்தச் சக்கரத்தைப் பிடித்துத் தொங்கி அடி வாங்கியிருக்கிறாளாம். தொண்ணூற்றாறில் படகை உடைத்து விற்றபோது எல்லாம் காயலானுக்குத்தான் போனதாம்.

இரண்டு நாளாகச் சரியாகத் தூக்கமில்லாததால் அவளுக்குக் கண் மங்கியிருக்கலாம். டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பிப்ரவரி 17, திங்கள்

இல்லை. இருக்காது. கம்பி இத்தாலி. அதை யாரும் மறுக்க முடியாது. கம்பி இத்தாலி என்றால் மரமும்— மரமும் அப்படித்தானே இருக்க வேண்டும்? பித்தளை ஆணி? இரும்பு என்றால் கடல் காற்றில் துருப்பிடிக்கும், அதனால்தான் பித்தளை. இதை இந்த நோட்டில் நானே எழுதிவிட்டேனே, இப்போது என்ன செய்ய.

அந்த உப்பு.

ஐயோ, அந்த உப்பு.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஹபீபுல்லாவிடம் போனேன். அந்தக் குவியலில் மீன் பெட்டி எப்படி வந்தது என்று கேட்டேன். காசிமேட்டுக் காயலான்காரர் ஒருவர் வருடக்கணக்காகக் கொட்டகையில் போட்டுவைத்திருந்த லாஞ்சு சாமானை மொத்தமாகத் தள்ளிவிட்டாராம். இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை? அன்றைக்கு நீ கேட்டது காரைத்தானே என்றான்.

நடந்ததைச் சொன்னேன். அவனுக்கு இதில் ஒரு பேஜாரும் தெரியவில்லை. “டாக்டரு குஷியா கீறாரு. நீ குஷியா கீற. ஸ்டீயரிங்குக்கு இன்னா தெரியும்? வுட்டுட்டு டீ குடி.” டீ குடித்தேன். அந்த டீயும் எனக்குக் கரித்தது.

பிப்ரவரி 20, வியாழன்

பெயர் அட்டை வந்துவிட்டது. “திரு. த. திலீப், நடுவர்.” பிளாஸ்டிக் உறை, பின்னால் ஊக்கு. கண்ணாடி முன் சட்டையில் குத்திப் பார்த்தேன். எடுத்து வைத்தேன். மறுபடி குத்திப் பார்த்தேன்.

ஒரு போட்டோவைப் பார்த்துச் சொன்ன பேச்சுக்காக எழுதிக் கொடுத்ததை மாற்றுவதா? கண்ணால் பார்க்காமல் எதையும் அசல் என்றும் சொல்லக்கூடாது, டூப் என்றும் சொல்லக்கூடாது. கயிறு அந்த இடத்தில்தான் தேய்க்குமா? பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டும் என்றால் எங்கே போய்ப் பார்ப்பது என்று யோசித்தேன். யோசித்தவுடனே கடைக்குப் போய் நான்கு எலுமிச்சை வாங்கி வைத்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

போய்விட்டு வந்துவிட்டேன். உயிரோடு இருக்கிறேன் என்பதை முதலில் எழுதிவைக்கிறேன்.

நானும் வருகிறேன் என்று நேற்று சொன்னபோது மாமனார் கன்னியம்மாவைத்தான் பார்த்தார், வீட்டில் ஏதாவது சண்டையா என்று. காலையில் கிளம்பினோம். படகில் அவரோடு ஐந்து பேர். கையில் நான்கு எலுமிச்சை வைத்திருந்தேன். முதல் எலுமிச்சை கயிறு அவிழ்க்கும்போதே தீர்ந்துவிட்டது. கல் தாண்டும் முன்பே ஆரம்பித்தது. காலைப் பலகாரம், நேற்று ராத்திரிச் சாப்பாடு, அதற்கு மேல் நான் சாப்பிட்டதாக ஞாபகமே இல்லாத பொருள்கள். கூட வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பதற்கு வெட்கப்பட்டார்கள். ஒருவர் என் இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டே வேலை பார்த்தார்.

திருவொற்றியூர் கரை மெல்லிசாகத் தெரிகிற தூரத்தில் வலையை இறக்கினார்கள். மாமனார் சக்கரத்தை நேராக வைத்து, ஒரு கயிற்றை எடுத்துக் கீழ் இடது ஓரத்தில் ஒரு சுற்று சுற்றிப் பக்கத்துக் கட்டையில் இழுத்துக் கட்டினார். கட்டிவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டார். படகு ஆட ஆடக் கயிறு விளிம்பில் அறுத்துக்கொண்டே இருந்தது. நான் தவழ்ந்து போனேன். நிஜமாகவே தவழ்ந்துதான். இப்போது இருப்பது லாரியின் இரும்புச் சக்கரம். கயிறு உராய்கிற அந்த ஒரு இடத்தில் மட்டும் பெயின்ட் போய் இரும்பு தெரிந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

பழைய சக்கரம் என்ன மரம் என்று கேட்டேன். வாகை என்றார். ஏதோ கார் கம்பியில் மரம் உளுத்துப் போயிருந்ததாம். படகு கட்டுகிற ஆசாரி வாகையில் புது விளிம்பு போட்டுப் படகுக்கு அடிக்கிற பித்தளை ஆணியையே அடித்துக் கொடுத்தாராம். வாகையைப் பார்த்து வால்நட் என்று எழுதினவன் நான்.

எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன், வாந்திக்கு நடுவே, துண்டு துண்டாக. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “இத்தப் பாக்கறதுக்கா ஏறி வந்த?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தன் துண்டை நனைத்து என் தலையில் போட்டார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

இரண்டு நாளாகத் தரை ஆடுகிறது.

சொல்லாமல் விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? டாக்டருக்குச் சந்தோஷம்தானே? கார் ஓடப்போகிறது. நடுவர் நாற்காலி இருக்கிறது. ஆனால் பொங்கல் இலையில் உட்கார்ந்து நான் மனசுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டது ஒரே ஒரு விஷயத்தை. திலீப் அசல் என்றால் அசல். அது போனால் என்னிடம் என்ன இருக்கிறது, நாலு எலுமிச்சைத் தோலைத் தவிர?

கன்னியம்மாவிடம் கேட்டேன். நான் எழுதிக் கொடுத்ததை நானே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். மீன் அழுகினால் விற்றவளிடம்தான் வருவார்கள் என்றாள். சிரிக்காமல் சொன்னாள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிப்ரவரி 27, வியாழன்

அடைக்கலமேரியிடம் தட்டக் கொடுத்தேன். “மேற்படி ஸ்டீயரிங்கின் கம்பிகள் மட்டுமே அசல். விளிம்பு வாகை மரம், காசிமேட்டில் படகு ஆசாரி செய்தது. பள்ளம் கயிறு தேய்த்த தடம். இதை 23.2.2003 அன்று கடலில் நேரில் பார்த்தேன். முன்பு நான் எழுதிக் கொடுத்தது தவறு.” பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். போன மாதம் இந்தியாவிலேயே ஒன்றுதான் என்று தட்டினேனே சார், அதே ஸ்டீயரிங்கா என்றாள். அதேதான் என்றேன். அப்படியென்றால் இது இந்தியாவில் எத்தனை இருக்கிறது என்று கேட்டாள். பாவம், வேண்டுமென்று கேட்கவில்லை. மூன்று காப்பி எடுத்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

கீழ்ப்பாக்கம். காகிதத்தையும் வாங்கிய பணத்தையும் மேசையில் வைத்தேன். டாக்டர் கண்ணாடி போட்டுப் படித்தார், கழற்றிப் படித்தார். பிறகு இரண்டையும் என் பக்கமே தள்ளினார்.

“மிஸ்டர் திலீப், நீங்க இதைக் கொடுக்கலை. நான் இதைப் பார்க்கலை.”

பார்த்துவிட்டீர்களே சார் என்றேன். பெயர் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். கொடுத்தேன். பணத்தையும் காகிதத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, உட்காரத் தோன்றவில்லை. பேஜாரான நாள். அழுகை வந்தது, உண்மையைத்தான் எழுதுகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

போகக் கூடாது என்றிருந்தேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன், வெள்ளைச் சட்டையோடு.

என் நாற்காலியில் பெங்களூர்க்காரர். டாக்டரின் காருக்குத்தான் அசல் சாமான்களுக்கான கோப்பை. பெங்களூர்க்காரர் மைக்கைப் பிடித்து அந்த ஸ்டீயரிங்கைப் பற்றிப் பேசினார். தனி ஆர்டர் பித்தளை ஆணி. பந்தய விரல் பள்ளம். இந்தியாவில் ஒன்றுதான். என் வாக்கியங்கள், ஒரு எழுத்து மாறாமல். ஜனங்கள் கை தட்டினார்கள். பக்கத்தில் நின்றவர் எவ்வளவு ஆராய்ச்சி பாருங்கள் என்று என்னிடம் சொன்னார். ஆமாம் என்றேன். நன்றாக எழுதியிருந்தேன் என்பதையும் மறுப்பதற்கில்லை.

மார்ச் 12, புதன்

அந்தக் காகிதத்தின் காப்பி ஒன்றை மாமனார் கேட்டு வாங்கிப் போனார். அவருக்குப் படிக்க வராது. மீன் ஏலக் கூடத்து டீக்கடையில் வேறு ஒருவரைப் படிக்கச் சொல்லி எல்லோருக்கும் கேட்க வைத்திருக்கிறார். காசிமேடே சிரித்ததாம். கயிற்றுத் தடம் வந்த இடத்தில் ஒன்ஸ்மோர் கேட்டார்களாம்.

இனி ஒரு மாதத்துக்கு நான் ஏலக் கூடம் பக்கம் போவதாக இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

ஒரு வாரமாக யாரும் வரவில்லை. அண்ணா நகர்க்காரரின் பூத்துவாலையில் கடையைத் துடைத்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மீன்பிடித் தடை இன்றிலிருந்து நாற்பத்தைந்து நாள். படகெல்லாம் கரையில். வேலை இல்லாததால் எல்லோருக்கும் சண்டை போட நேரம் கிடைத்துவிட்டது. காசிமேட்டு நீலமேகமும் அவர் தம்பியும் கூட்டாக வைத்திருந்த லாஞ்சைப் பிரித்துக்கொள்ளப் போகிறார்களாம். படகை இரண்டாக அறுக்க முடியாது. ஒருவர் வைத்துக்கொண்டு மற்றவருக்குப் பாதி மதிப்பைக் கொடுக்க வேண்டும். அந்த மதிப்பு என்ன என்பதில்தான் அடிதடி.

மே 11, ஞாயிறு

எஞ்சின் மெக்கானிக் ஒரு மதிப்பு சொன்னார். அண்ணனின் ஆள் என்று தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. ஆசாரி ஒரு மதிப்பு சொன்னார். தம்பியின் மச்சான் என்று அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. நேற்று மண்டை உடைந்திருக்கிறது. தடை முடிவதற்குள் தீராவிட்டால் படகு இந்த வருடம் கடலுக்குப் போகாது, இரண்டு குடும்பமும் பட்டினி என்கிறாள் கன்னியம்மா.

மே 18, ஞாயிறு

ஊர்ப் பஞ்சாயத்து கூடியிருக்கிறது. யாரைச் சொன்னாலும் ஒருவன் வேண்டாம் என்கிறான். கடைசியில் மாமனார் எழுந்தாராம். கன்னியம்மா பெண்கள் பக்கம் உட்கார்ந்து காதால் கேட்டது, அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

“தான் சொன்னது தப்புன்னு தானே காயிதம் அட்சிக் குட்த்தவன் இந்த மேட்டுல ஒர்த்தன்தான் கீறான். அவன இட்டாங்க.”

என்னைக் கூட்டிவரச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றாள். நன்றாக யோசித்துச் சொல் என்றேன். இல்லை என்றாள்.

மே 25, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்குப் போனேன். கரையில் கட்டியிருந்தாலும் படகு ஆடத்தான் செய்தது. பலகை பலகையாகத் தட்டிப் பார்த்தேன். எஞ்சினுக்கு மெக்கானிக்கையும் மரத்துக்கு ஆசாரியையும் பக்கத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டேன்; எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே எழுதிக்கொண்டேன். அண்ணன் ஒரு முனையில், தம்பி ஒரு முனையில். தம்பிக்கு நெற்றியில் பிளாஸ்திரி. மதியம் வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள்.

இறங்கியதும் பஞ்சாயத்துக்காரர்கள் ஒரு முத்திரைத்தாளை நீட்டினார்கள். இந்த மதிப்புக்கு நாங்கள் இருவரும் கட்டுப்படுகிறோம் என்று எழுதி, கீழே நீலமேகம் கையெழுத்து, தம்பி கையெழுத்து, சாட்சிக்கு என் மாமனாரின் கைநாட்டு. மதிப்பு இன்னும் சொல்லவே இல்லையே, அதற்குள் ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். நீங்க சொல்லுங்க, அத்த எழுதிக்கலாம் என்றார் நீலமேகம். என்னை அவர் நீங்க என்று சொல்லி நான் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை படகை மேலே ஏற்றி அடிப்பலகையைப் பார்த்த பிறகுதான் எழுதுவேன் என்றேன். சரி என்றார்கள். தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. தொகை எழுத வேண்டிய இடம் மட்டும் காலி.